அசைபோடும் மனமும் எட்டு வாரப் பயிற்சியும்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்தைய முதல் வாரங்கள். இலங்கையின் வடகிழக்கில் ஓர் அகதி முகாம். அங்கே இருந்த பிள்ளைகள் கடல் பொங்கி வருவதற்கு முன்பே போரையும் பார்த்தவர்கள். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயின் அறிகுறிகள் தெரிந்த 31 சிறுவர் சிறுமியரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாரும் 8 வயது முதல் 14 வயது வரை உள்ளவர்கள். ஒரு பாதிக்கு, நடந்ததையெல்லாம் வரிசைப்படி வாய்விட்டுச் சொல்லவைக்கும் சிகிச்சை. மறு பாதிக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். இரு தரப்புக்கும் ஆறே அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 சதவீதம் பிள்ளைகள் மீண்டிருந்தார்கள். தியானக் குழுவில் 71 சதவீதம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது. ஆகவே இரண்டு சிகிச்சைகளில் ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. கிளாடியா கட்டானியும் குழுவினரும் 2009இல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. பயந்து ஒடுங்கிய ஒரு பிள்ளை, ஆறு முறை கண்மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனித்து மீள முடியும் என்றால் அதைவிட எளிய மருந்து வேறு எது? ஆனால் அந்த நெகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். எந்தச் சிகிச்சையும் தராமல் விட்டிருந்தால் இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் தாமாகவே மீண்டிருப்பார்கள்? அந்த ஆய்வில் மூன்றாவது குழு இல்லை. அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்? விட்டுவைக்காதது சரிதான். ஆனாலும் காலம் ஆற்றியது எவ்வளவு, திரும்பத் திறந்த பள்ளிக்கூடம் ஆற்றியது எவ்வளவு, அன்போடு பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவரின் முகம் ஆற்றியது எவ்வளவு, தியானம் ஆற்றியது எவ்வளவு என்று இந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல வழியில்லை.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரில் நொந்தவர்களுக்கு இதே போன்ற முறைகளை நெடுங்காலம் பயன்படுத்தியவர். சாந்தியாசனம், மூச்சுப்பயிற்சி, அவரவர் சமயத்துக்கு ஏற்ற ஒரு சொல்லை மெல்லத் திரும்பத் திரும்பச் சொல்வது எல்லாம் அவருடைய சிகிச்சையில் இருந்தன. மக்களுக்கு ஏற்கெனவே பழகிய வழி என்பதால் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள் என்பது பெரிய பயன். ஆனால் நோயாளி ஏற்றுக்கொள்வது ஒன்று. நோய் எதனால் குறைந்தது என்று நிறுவுவது வேறொன்று. தியானம் கோபத்தையும் அச்சத்தையும் துயரத்தையும் கையாள உதவுகிறதா என்று கேட்டால் நம் ஊரில் பெரும்பாலோர் உடனே ஆமாம் என்பார்கள். சிலர் அதெல்லாம் பிரமை என்பார்கள். சென்ற ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி இந்த இரண்டையும்விடக் கூர்மையான ஒரு பதிலை வைத்திருக்கிறது. அது யாருக்கு உதவுகிறது, எந்த இடத்தில் உதவுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் துயரம் எப்படி நீள்கிறது என்று பார்ப்போம். யாராவது நம்மை நான்கு பேர் முன்னால் அவமதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முகம் சூடாகிறது, நெஞ்சு படபடக்கிறது. உடல் அளவில் அந்த அலை விரைவிலேயே அடங்கிவிடும். ஆனால் இரவு படுக்கும்போதும் அது நம்மோடு இருக்கிறது. அப்போதே இப்படிக் கேட்டிருக்கலாமே, எல்லாரும் என்ன நினைத்திருப்பார்கள், எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கிறது, நான் எப்போதுமே இப்படித்தான் என்று மனம் அசைபோடுகிறது. ஆறத் தொடங்கிய புண்ணின் பொருக்கை நகத்தால் கிளறிக்கொண்டே இருப்பதுபோல, ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் படபடப்பு புதிதாகத் தொடங்குகிறது.

இந்த அசைபோடும் பழக்கத்தை முறையாக ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹோக்செமா என்ற அமெரிக்க உளவியலாளர். 1989இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 137 மாணவர்களிடம், மனம் சோர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கியிருந்தார். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியையே உலுக்கிய லோமா பிரியெட்டா நிலநடுக்கம் வந்தது. யாரும் திட்டமிட்டிருக்க முடியாத சோதனை. நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே மாணவர்களை மறுபடி பார்த்தார். சோர்வைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர்கள் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மற்றவர்களைவிட அதிகமாகச் சோர்ந்திருந்தார்கள். முன்பு அவர்கள் எவ்வளவு சோர்வாக இருந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இதுதான் நிலை. நிலம் எல்லாருக்கும் ஒன்றுபோல ஆடியது. அதற்குப் பின் மனம் செய்த வேலைதான் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது.

அப்படியானால் நினைக்காமல் இருந்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று சொன்ன கதையை அறிந்த நமக்கு அது எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் இதைத்தான் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது குரங்கு இல்லை, வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் அதை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் அடித்தது. அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முன்பு அடக்கி வைத்தவர்களுக்கு, அடக்காதவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. அசைபோட்டாலும் துயரம் வளர்கிறது, அமுக்கினாலும் திரும்புகிறது. தியானப் பயிற்சி கற்றுத்தர முயல்வது இந்த இரண்டுக்கும் வெளியே ஒரு மூன்றாவது வழியை.

அதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஸின். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர், ஜென், விபாசனா என்ற பௌத்தத் தியான மரபுகளில் பயின்றவர். 1979இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மருத்துவத்தால் முழுமையாகத் தீர்க்க முடியாத நாள்பட்ட வலியோடு இருந்தவர்களும் அங்கே அனுப்பப்பட்டார்கள். அவர் வகுத்த பாடம் எட்டு வாரம். வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேர வகுப்பு, நடுவில் ஒரு முழுநாள் மௌனம், வீட்டில் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 45 நிமிடப் பயிற்சி. கணக்குப் போட்டால் வீட்டுப் பயிற்சி மட்டுமே 36 மணி நேரம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கைப்பேசிச் செயலியில் ஐந்து நிமிடம் கண்மூடிவிட்டு, ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்ட பலன் நமக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். ஆராய்ச்சி சோதித்தது பெரும்பாலும் அந்த 36 மணி நேரப் பயிற்சியை.

அந்த நேரத்தில் என்னதான் செய்கிறார்கள்? கால்விரலில் தொடங்கி உச்சந்தலை வரை உடலின் ஒவ்வொரு பகுதியிலும் இப்போது என்ன உணர்வு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். மூச்சு வருவதையும் போவதையும் மாற்ற முயலாமல் கவனிக்கிறார்கள். கவனம் எங்கோ போய்விடும். போனது தெரிந்ததும் அலுத்துக்கொள்ளாமல் திரும்பி வருகிறார்கள். முழங்கால் வலிக்கும், கன்னத்தில் அரிப்பெடுக்கும். உடனே கையைக் கொண்டுபோகாமல், அரிப்பு எங்கே தொடங்குகிறது, எப்படிக் கூடுகிறது, எப்போது தணிகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். கோபம் வரும்போது உடனே வார்த்தையைக் கொட்டாமல் இருக்கவும், பயம் வரும்போது உடனே ஓடாமல் இருக்கவும் எந்தத் திறன் வேண்டுமோ, அதே திறனை அரிப்பு என்ற ஆபத்தில்லாத இடத்தில் பழகிக்கொள்கிறார்கள்.

இந்தப் பாடம் ஆராய்ச்சி உலகில் நிலைபெறக் காரணமான ஆய்வு ஒன்று உண்டு. நான் அறிந்தவரை இந்தத் துறையிலேயே நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய ஆய்வு அதுதான். 1990களின் தொடக்கத்தில் டொராண்டோவின் ஸிண்டல் சீகல், வேல்ஸின் மார்க் வில்லியம்ஸ், கேம்பிரிட்ஜின் ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு பழைய சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். மனச்சோர்வு நோய் மருந்தாலும் பேச்சுச் சிகிச்சையாலும் குணமாகிவிடுகிறது. ஆனால் திரும்புகிறது. ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம், பல முறை வந்தவருக்கு இன்னும் அதிகம். குணமாகி நலமாக இருக்கும் காலத்தில், நோய் திரும்பாமல் இருக்க என்ன கற்றுத்தரலாம்?

டீஸ்டேலிடம் ஒரு கருதுகோள் இருந்தது. மனச்சோர்வு வந்திருக்கும்போது வாட்டமான மனநிலையும், நான் எதற்கும் லாயக்கில்லாதவன், இனி எதுவும் மாறப்போவதில்லை என்ற எண்ணங்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஒவ்வொரு முறை நோய் வரும்போதும் இவற்றுக்கிடையே உள்ள முடிச்சு இறுகுகிறது. நோய் போன பிறகு, சாதாரணமாக எல்லாருக்கும் வருகிற ஒரு சோம்பலான மாலை நேரத்து வாட்டம்கூட, இறுகிய அந்த முடிச்சால் பழைய எண்ணங்கள் அத்தனையையும் இழுத்து வந்துவிடுகிறது. பிறகு அசைபோடல், அதனால் இன்னும் வாட்டம், மேலும் அசைபோடல். ஆகவே நோயாளிக்குக் கற்றுத்தர வேண்டியது, அந்த எண்ணங்கள் உண்மையா பொய்யா என்று வழக்காடுவதைவிட, இதோ பழைய எண்ணம் வருகிறது என்று அடையாளம் கண்டு அதன் பின்னால் போகாமல் இருப்பது.

அதைக் கற்றுத்தரும் வழியைத் தேடி மூவரும் வூஸ்டரில் இருந்த கபாட்-ஸினின் பிரிவுக்குப் போனார்கள். முதலில் அவர்கள் எடுத்துக்கொண்டது கவனத்தைத் திருப்பும் உத்தியை மட்டும். மூச்சில் கவனம் வைத்தால் எண்ணத்திலிருந்து விலகலாம் என்று தங்கள் பாடத்தை அமைத்தார்கள். லேசான வாட்டத்துக்கு அது சரிப்பட்டது. வகுப்பில் ஒருவருக்குக் கடும் துயரம் பொங்கியபோது கைகொடுக்கவில்லை. மறுபடியும் வூஸ்டருக்குப் போய்க் கூர்ந்து பார்த்தார்கள். அங்கே ஆசிரியர்கள் துயரத்தைச் சரிசெய்ய முயலவில்லை. அழுகை வந்தால் அதற்கும் வகுப்பில் இடம் இருந்தது. நெஞ்சு கனக்கிறதா, எந்த இடத்தில், எப்படி என்று கேட்டார்கள். விரும்பாத உணர்ச்சியை விருந்தாளியைப் போல இல்லாவிட்டாலும் எதிரியைப் போல நடத்தாமல் உடலில் அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். மூவரும் தங்கள் பாடத்தை முழுவதும் மாற்றி எழுதினார்கள்.

2000இல் வெளியான அவர்களுடைய சோதனையில் 145 பேர் இருந்தார்கள். எல்லாரும் மனச்சோர்வு வந்து குணமானவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம், மறு பாதிக்கு அதோடு எட்டு வாரப் பயிற்சி. அறுபது வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் வந்தவர்களில், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு மறுபடியும் நோய் வந்தது. பயிற்சி பெற்றவர்களில் 37 சதவீதம். டீஸ்டேலும் ஹெலன் மாவும் 2004இல் செய்த அடுத்த சோதனையில் இதே வகை நோயாளிகளிடம் 78 சதவீதம் 36 ஆகக் குறைந்தது.

ஆனால் இரண்டு முறை மட்டும் நோய் வந்தவர்களுக்குப் பயிற்சி உதவவில்லை. இரண்டு சோதனைகளிலும் உதவவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் எண்கள் சற்று மோசமாகவே இருந்தன, ஆனால் எண்ணிக்கை சிறியது என்பதால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விளம்பரங்களில் இந்த வரி வராது. எனக்கோ இந்த வரிதான் அந்த ஆய்வின் உயிர். உள்ளே நுழைந்து பார்த்தபோது காரணம் புலப்பட்டது. இரண்டு முறை நோய் வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் வாழ்க்கையில் விழுந்த பெரிய அடியால் வந்திருந்தது: மரணம், மணமுறிவு, வேலையிழப்பு. பல முறை வந்தவர்களுக்கு, வெளியிலிருந்து எந்த அடியும் விழாமலே, உள்ளே ஓடும் அசைபோடலே நோயைத் திரும்ப அழைத்து வந்தது. பயிற்சி தடுத்தது இந்த இரண்டாவது வகையை. வெளியிலிருந்து விழும் அடியைத் தியானம் தடுக்காது. அடி இல்லாதபோதும் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் மனத்தின் பழக்கத்தில்தான் அது கை வைக்கிறது.

அதன் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் இந்தச் சித்திரத்தைத் தாங்கிப் பிடித்தன, மிகையையும் குறைத்தன. ஒன்பது சோதனைகளில் இருந்த 1,258 பேரின் தனித்தனித் தரவுகளை வில்லெம் குய்கனும் சக ஆய்வாளர்களும் 2016இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அறுபது வாரத்தில் நோய் திரும்பியவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 38 சதவீதம், பெறாதவர்களில் 49 சதவீதம். 66க்கு 37 என்ற முதல் வேறுபாட்டோடு ஒப்பிட்டால் இடைவெளி சுருங்கியிருக்கிறது. ஆனாலும் உண்மையான இடைவெளி. அதற்கு முந்தைய ஆண்டு அவரே பிரிட்டனில் 424 பேரிடம் செய்த சோதனையில், மருந்தைத் தொடர்ந்தவர்களையும், மருத்துவர் கண்காணிப்பில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு பயிற்சி எடுத்தவர்களையும் இரண்டு ஆண்டு தொடர்ந்தார். பயிற்சி மருந்தை விஞ்சும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. நோய் திரும்பியவர்கள் பயிற்சி எடுத்தவர்களில் 44 சதவீதம், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம், ஏறத்தாழச் சமம். மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கு இது பெரிய நம்பிக்கை. ஆனால் தியானம் தொடங்கிவிட்டேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று தாமாகவே முடிவெடுப்பவர்களுக்கு இந்த ஆய்வில் ஆதரவு கிடையாது. அதில் மருந்தைக் குறைத்தவர்கள் எல்லாரும் மருத்துவரோடு சேர்ந்து குறைத்தவர்கள்.

பயிற்சியின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதை நேராகச் சோதித்த ஓர் அழகான ஆய்வைச் சொல்ல வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரெஸ்வெலும் எமிலி லிண்ட்சேயும் 2018இல் வெளியிட்டது. மன அழுத்தத்தில் இருந்த 153 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, கைப்பேசி வழியாக இரண்டு வாரம் பயிற்சி தந்தார்கள். ஒரு குழு உடலிலும் மனத்திலும் எழுவதைக் கவனிக்கவும், எழுவது எதுவானாலும் அதை இருக்கவிடவும் கற்றது. இரண்டாவது குழு கவனிக்க மட்டும் கற்றது. மூன்றாவது குழுவுக்குத் தியானமே இல்லாத வேறு பயிற்சி. பிறகு மூன்று குழுவையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்தார்கள். கார்ட்டிசால் என்ற அழுத்த நேரச் சுரப்பும் ரத்த அழுத்தமும் குறைவாக ஏறியது முதல் குழுவில் மட்டும். கவனிக்க மட்டும் கற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

இதில் வியப்பு எதுவும் இல்லை. பதற்றக்காரர் ஏற்கெனவே தன் நெஞ்சுத் துடிப்பைக் கூர்ந்து கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார், அதுதான் அவருடைய தொல்லை. கவனத்தை இன்னும் கூர்மையாக்கினால் தொல்லை கூடவும் கூடும். துடிப்பு இருக்கட்டும், வந்தது போகும் என்று விட்டுக்கொடுக்கும் பகுதிதான் அதன் பிடியைத் தளர்த்துகிறது. நம் ஊரில் தியானம் என்றால் மனத்தை ஒருமுகப்படுத்துவது, எண்ணங்களை நிறுத்துவது என்றே பலரும் கற்றுக்கொண்டிருக்கிறோம். எண்ணம் நிற்கவில்லை, எனக்குத் தியானம் வரவில்லை என்று மனமுடைந்து விட்டவர்கள் எத்தனையோ பேர். எண்ணம் நிற்காமல் போனது தோல்வி அல்ல என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுவதிலும் ஒரு பலன் இருக்கிறது. பர்மாவின் தியான ஆசிரியர் மகாசி சயாடோ வழிவந்த முறையில், கோபம் எழுந்தால் மனத்துக்குள் கோபம், கோபம் என்று குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். 2007இல் கலிஃபோர்னியாவின் மேத்யூ லீபர்மன், மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் இருப்பவர்களுக்குக் கோபமுகங்களையும் அஞ்சிய முகங்களையும் காட்டினார். அந்த முகத்தின் உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா பகுதியின் வேகம் தணிந்தது, நெற்றிக்குப் பின்னால் வலப்புறத்து மூளைப்பகுதி சுறுசுறுப்படைந்தது. அதே முகத்துக்கு ஆண்பெயரா பெண்பெயரா என்று தேர்ந்தெடுத்தபோது அப்படி நடக்கவில்லை. தியானம் செய்யாதவரும் இதைச் செய்து பார்க்கலாம்.

மூளை என்றதும் ஓர் எச்சரிக்கை. எட்டு வாரத் தியானத்தில் மூளையின் சாம்பல்நிறப் பகுதி தடிக்கிறது என்ற செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். அந்த முடிவு மிகச் சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தது. 2022இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், தியான ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவரான ரிச்சர்ட் டேவிட்சனின் குழுவே, 218 பேரிடம் இரண்டு முறையான சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பில் அப்படி ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று வெளியிட்டது. தம் துறைக்கே பாதகமான முடிவை மறைக்காமல் சொன்ன அந்த ஆய்வாளர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது. மனம் மாறுவதற்கு மூளை தடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மனச்சோர்வு திரும்பாமல் தடுப்பதைத் தாண்டி, பலவகை நோயாளிகளின் பதற்றத்துக்கும் சோர்வுக்கும் எவ்வளவு பலன்? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மாதவ் கோயலும் குழுவினரும் 47 சோதனைகளை, 3,515 பேரை உள்ளடக்கி, 2014இல் தொகுத்தார்கள். எட்டு வாரத்தில் பதற்றத்துக்குப் பலனின் அளவு 0.38, மனச்சோர்வுக்கு 0.30. சில மாதங்களில் இரண்டும் 0.22, 0.23 என்று தேய்ந்தன. 0.30 என்றால் என்ன? பயிற்சி பெறாத குழுவின் சராசரி நிலையைவிட நல்ல நிலையில் இருப்பவர்கள் அந்தக் குழுவில் நூற்றுக்கு 50 பேர் என்றால், பயிற்சி பெற்ற குழுவில் 62 பேர். மிதமான பலன். உடற்பயிற்சி, மருந்து, பேச்சுச் சிகிச்சை ஆகியவற்றைவிட இது மேல் என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. மந்திரம் ஓதும் தியான முறைகளில் நல்ல சோதனைகள் மிகக் குறைவாக இருந்ததால் அவற்றைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

மருந்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனையும் உண்டு. எலிசபெத் ஹோஜ் தலைமையில் அமெரிக்காவில் 276 பதற்ற நோயாளிகளில் பாதிப் பேருக்கு எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை, மறு பாதிக்கு எட்டு வாரப் பயிற்சி. நோயின் கடுமையை 1 முதல் 7 வரை அளக்கும் அளவுகோலில் மாத்திரை 1.43 குறைத்தது, பயிற்சி 1.35 குறைத்தது. பயிற்சி மாத்திரைக்குக் குறைந்ததல்ல என்று 2022இன் இறுதியில் அறிவித்தார்கள். இங்கும் எந்தச் சிகிச்சையும் பெறாத மூன்றாவது குழு இல்லை. ஆனால் அந்த மாத்திரை முந்தைய சோதனைகளில் வெற்று மாத்திரையை வென்றது என்பதால், இந்த ஒப்பீட்டுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது.

இவ்வளவு பலன் தரும் ஒன்றைச் சிறுவயதிலேயே எல்லாருக்கும் கற்றுத்தந்துவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் அதைச் சோதித்தார்கள். ஆசிரியர்களுக்கு நன்றாகப் பயிற்சி தந்து, பத்து வகுப்புகள் நடத்தினார்கள். வழக்கமான வகுப்பு நடந்த பள்ளிகளோடு ஒப்பிட்டபோது மாணவர்களின் மனச்சோர்விலோ நலத்திலோ எந்த வேறுபாடும் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது. ஏற்கெனவே மனநலச் சிக்கலின் விளிம்பில் இருந்த சிலரிடம் அறிகுறிகள் சற்றுக் கூடியதாகவும் தெரிந்தது. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பதின்மூன்று வயதில், தானாகத் தேடி வராத ஒன்றை, தன்னிடம் இருப்பதாகவே உணராத ஒரு சிக்கலுக்கு யார்தான் தினமும் செய்வார்கள்? நம் பள்ளிகளிலும் எல்லா மாணவர்களையும் உட்காரவைத்துக் கண்மூடச் சொல்லும் வழக்கம் பரவி வருகிறது. அதற்குச் செலவிடும் நேரத்தையும் பணத்தையும் ஒரு முழுநேர மனநல ஆலோசகருக்குச் செலவிட்டால் தேவைப்படும் பிள்ளைக்கு அது போய்ச் சேரும் என்பது என் கருத்து.

எல்லா எதிர்மறை உணர்ச்சியும் களைய வேண்டிய ஒன்றும் அல்ல. குடித்துவிட்டு அடிக்கும் கணவன்மேல் வரும் கோபம், மாதக்கணக்கில் கூலி தராத முதலாளிமேல் வரும் கோபம், அவை நியாயத்தைக் கேட்கும் குரல்கள். அந்தப் பெண்ணையும் அந்தத் தொழிலாளியையும் மூச்சைக் கவனிக்கச் சொல்வது அநீதிக்குத் துணைபோவது. கட்டுக்கடங்காத வேலைச் சுமையை அப்படியே வைத்துக்கொண்டு ஊழியர்களுக்குத் தியான வகுப்பு நடத்தும் நிறுவனங்களைப் பற்றியும் இதையே சொல்வேன். கோபத்தைத் தெளிவாகப் பார்க்கப் பழகியவர் அதை இன்னும் உறுதியாக, சிதறாமல் பயன்படுத்த முடியும் என்பது வேறு விஷயம். பழகுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அவருடையது.

தீங்கு பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் தியானத்தால் தீங்கு வரும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். பிரவுன் பல்கலைக்கழகத்தின் வில்லபி பிரிட்டனும் ஜாரெட் லிண்டாலும் தியானம் செய்பவர்களை நீண்ட நேர்காணல் கண்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில், திடீர் அச்சம், தூக்கம் கெடுதல், தான் என்ற உணர்வே கலைந்துபோன திகில், பழைய கொடுநினைவுகள் பாய்ந்து வருதல் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. மிகேல் ஃபாரியாஸ் குழுவினர் 83 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் கண்ட அளவில், தியானத்தில் பாதகமான அனுபவம் நேர்ந்தவர்கள் ஏறத்தாழ 8.3 சதவீதம். அதிகமாக வந்தவை பதற்றமும் மனச்சோர்வும், அதாவது எதைத் தணிக்கத் தியானத்துக்குப் போனார்களோ அவையே. பேச்சுச் சிகிச்சையிலும் பாதகம் ஏறத்தாழ இதே அளவில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். எந்தப் பலனுள்ள மருத்துவத்துக்கும் பக்கவிளைவு இருப்பதுபோலத்தான் இதற்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அளவும் முக்கியம். தினம் 45 நிமிடம் வீட்டில் உட்காருவது ஒன்று. எஸ்.என். கோயங்கா மரபில் பத்து நாள் மௌனத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம்போல உட்காருவது வேறொன்று. மண்டலேயில் பிறந்த கோயங்கா ஒற்றைத் தலைவலிக்கு நிவாரணம் தேடி ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்து, 1969இல் இந்தியாவுக்கு வந்து விபாசனாவைக் கற்பிக்கத் தொடங்கியவர். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலும் அந்த மரபின் மையம் இருக்கிறது. அங்கே போய் வந்து வாழ்க்கை தெளிந்தவர்கள் பலர் உண்டு. கடுமையான மனநோய் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று அந்த மையங்களின் விதிமுறையே சொல்கிறது. விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை எழுதுவது விண்ணப்பிப்பவரின் பாதுகாப்புக்காக. இப்போது மனச்சோர்வின் ஆழத்தில் இருப்பவர், சாக வேண்டும் என்று தோன்றுகிறவர், குரல்கள் கேட்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

பெரிய வியாதி இல்லாமல், படுத்தால் பழைய பேச்சுகள் மனத்தில் ஓடுகின்றன, சிறு விஷயத்துக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று இருப்பவர் தொடங்கிப் பார்க்கச் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் வகுத்த மூன்று நிமிடப் பயிற்சி நல்ல இடம். முதல் நிமிடம், இப்போது என்ன எண்ணம் ஓடுகிறது, என்ன உணர்ச்சி இருக்கிறது, உடலில் எங்கே அது தெரிகிறது என்று பார்ப்பது. இரண்டாவது நிமிடம் கவனத்தை மூச்சில் சேர்ப்பது. மூன்றாவது நிமிடம் கவனத்தை விரித்து முழு உடலையும் உணர்வது. நாளுக்குச் சில முறை, அதிலும் அசைபோடல் தொடங்கும் நேரத்தில். எட்டு வாரப் பாடத்துக்கு இது ஈடாகாது, ஆனால் அந்தப் பாடத்தின் நடுநரம்பு இதில் இருக்கிறது.

முழுப் பாடத்தில் சேர நினைப்பவர் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உட்கார்ந்திருக்கும்போது ஒருவருக்குத் தாங்க முடியாத பயம் வந்தால் என்ன செய்வீர்கள்? இன்னும் ஆழமாக உள்ளே போகச் சொல்வேன், அது உங்கள் கர்மவினை வெளியேறுவது என்று பதில் வந்தால் வேறு ஆசிரியரைத் தேடுவது நல்லது. கண்ணைத் திறக்கச் சொல்வேன், பாதம் தரையில் பதிந்திருப்பதையோ வெளியே கேட்கும் சத்தத்தையோ கவனிக்கச் சொல்வேன், எழுந்து நடக்கச் சொல்வேன், தேவைப்பட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு அவரோடு பேசுவேன், மறுநாள் எப்படி இருக்கிறார் என்று கேட்பேன் என்று சொல்கிறவரிடம் நம்பி உட்காரலாம்.